மாட்டின் ஏப்பத்தைக் குறைக்க எது: கடற்பாசியா, போவேரா?

98 சதவீதம். கடற்பாசித் தீவனம் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த எண்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பராகோப்சிஸ் என்ற செம்பாசியைத் தீவனத்தில் வெறும் 0.2 சதவீதம் கலந்து காளைகளுக்குக் கொடுத்தபோது, ஏப்பத்தில் வெளியேறிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு அந்த அளவுக்கு இறங்கியது. போட்டியில் இருக்கும் போவேர் என்ற ரசாயனப் பொடியோ கறவை மாட்டில் 30 சதவீதம், இறைச்சி மாட்டில் 45 சதவீதம் என்று சொல்லிக்கொள்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இன்றைக்குப் பால்பண்ணைக்கு எது என்று கேட்டால், நான் போவேர் பக்கம்தான் நிற்பேன்.

மாட்டின் முதல் வயிற்றில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. அங்கே வாழும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகள் அவற்றைச் சேர்த்து மீத்தேன் ஆக்குகின்றன. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. தின்ற தீனியின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றோடு போகிறது. இரண்டு போட்டியாளர்களும் கைவைப்பது ஆர்க்கியாவின் இந்தக் கடைசி வேலையில்தான். பாசியில் அதைச் செய்வது புரோமோஃபார்ம் என்ற சேர்மம். போவேரில் 3-நைட்ரோஆக்சிப்ரோபனால். ஒன்று இயற்கை, இன்னொன்று செயற்கை என்று பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்டின் வயிற்றைப் பொறுத்தவரை இரண்டுமே வேதிப்பொருள்தான்.

பாசியின் பெரிய சிக்கல் அது நிலையாக இல்லாததே. புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். பாசியை வெயிலில் காயப்போட்டால் மருந்து காற்றில் போய்விடும். அதனால் உறைய வைத்து உலர்த்துகிறார்கள், இல்லையென்றால் சமையல் எண்ணெயில் ஊறவைத்துச் சத்தை இறக்குகிறார்கள். வளர்ப்பதும் லேசில்லை. இந்தப் பாசிக்கு வாழ்க்கையில் இரண்டு உருவம் உண்டு. பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் ஒரு பருவத்தை முன்பு வேறு இனம் என்றே நினைத்தார்கள்.  கடலில் தானாக விளைவதை அள்ளி உலகத்து மாடுகளுக்கெல்லாம் போட முடியாது.

அடுத்து, மாடு தின்னுமா? 2019-இல் கலிபோர்னியாவில் கறவை மாடுகளுக்கு 1 சதவீதம் பாசி கலந்தபோது மீத்தேன் 67 சதவீதம் குறைந்தது. கூடவே தீனி 38 சதவீதமும் பால் ஏறக்குறைய 12 சதவீதமும் குறைந்தன. பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடைசி எண்தான் முதலில் கண்ணில் படும். 2021-இல் நெதர்லாந்து ஆய்வொன்று, பாசி தின்ற மாடுகளின் பாலிலும் சிறுநீரிலும் சில நாள்களில் புரோமோஃபார்ம் இருந்ததைக் காட்டியது. பாசியில் அயோடினும் அதிகம், அதுவும் பாலில் ஏறும். இறைச்சி மாட்டில் நிலைமை மேல்: அதே கலிபோர்னியாவில் 21 காளைகளுக்கு 147 நாள் கொடுத்துப் பார்த்ததில், அதிக அளவு பாசி தின்ற காளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எனவே அடைத்துவைத்துக் கொழுக்க வைக்கும் இறைச்சிப் பண்ணைக்குப் பாசியை நான் மறுக்க மாட்டேன்.

போவேர் பக்கம் குறை இல்லையா? உண்டு. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் டீஸ்பூன் போதும், ஆனால் மருந்து சில மணி நேரத்தில் வயிற்றிலேயே சிதைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாய்த் தீனியோடும் போக வேண்டும். நாளெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் மாட்டுக்கு இது ஒத்துவராது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் அமெரிக்காவும் வழிவிட்டன. ஆனாலும் 2024 கடைசியில் பிரிட்டனில் இதைச் சோதிக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், எதிர்ப்பாகப் பாலைக் கொட்டும் வீடியோக்கள் பரவின. மருந்து பாலுக்கு வருவதில்லை என்று அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது பலரிடம் எடுபடவில்லை. 2025-இல் டென்மார்க்கில் பெரிய பண்ணைகள் இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும், மாடுகள் சோர்ந்துபோகின்றன என்று விவசாயிகள் பலர் புகார் சொன்னார்கள். அந்தப் புகார்களைத் தீர விசாரித்தே ஆக வேண்டும். மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்வதை அலட்சியம் செய்தால் எந்த மருந்தும் நிலைக்காது.

மேய்ச்சல் மாட்டிடம் இரண்டுமே தடுமாறுகின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் மேய்ந்த காளைகளுக்குப் பாசியைக் குச்சித் தீவனமாகக் கொடுத்தபோது கிடைத்தது சுமார் 38 சதவீதம்தான். ஆனாலும் மேய்ச்சல் வெளியில் அது நல்ல எண் என்றே நினைக்கிறேன்.

சரி, நம் ராமநாதபுரத்துப் பாசி? மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்ப்பது காப்பாஃபைகஸ். உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருளை எடுக்க உதவும் அந்தப் பாசியில் ஆஸ்பராகோப்சிஸ் அளவுக்குப் புரோமோஃபார்ம் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, மீனவப் பெண்களிடம் பெரிய வாக்குறுதிகளைக் கொடுத்துவிடக் கூடாது.

ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த செடிகளைக் கொண்டு ஹரித் தாரா என்ற கலவையைச் செய்திருக்கிறது. குறைவு 17 முதல் 20 சதவீதம்தான். ஆனால் விலை மலிவு, வாரத்துக்கு மூன்று முறை கொடுத்தால் போதும் என்கிறார்கள். பால் கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் தீவன மூட்டையிலேயே இது கலந்து வந்தால், தவிடும் புண்ணாக்கும் கரைத்துவைக்கிறவருக்குத் தனி வேலை ஒன்றும் இருக்காது.