மலை வேட்டை ரைஃபிளுக்கு எந்தக் கட்டை: வால்நட் மரமா, கார்பன் ஃபைபரா?

எடை குறைந்த ரைஃபிளைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்பவர்கள், குழலைத் தேர்ந்தெடுத்த பிறகும், அதைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையில் (stock) தயங்கி நிற்கிறார்கள்.

எடை: வால்நட் கட்டை பெரும்பாலும் 1 கிலோவைத் தொடும், கார்பன் ஃபைபரில் 700 கிராமுக்குள் முடித்துவிடலாம். ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது தோளில் இடிக்கும் பின்னுதைப்பு கூடும்.

ஈரம்: என் கவலை இதில்தான் அதிகம். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி, குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிட்டால், நேற்று சரியாக விழுந்த குறி இன்று விலகும். தொலைவு கூடக்கூட அந்த விலகலும் பெருகும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். முன்பு தடையின்றி ஓடிய தாள் மழைக்குப் பின் சிக்கினால், காரணம் விளங்கிவிடும். கார்பன் ஃபைபர் ஈரத்தால் இப்படி உப்புவதில்லை.

பழுது: மரத்தில் விழுந்த கீறலைத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும், கார்பன் ஃபைபரில் விரிசல் கண்டால் தேர்ந்த கைவினைஞரிடம்தான் போக வேண்டும்.

செலவு: கார்பன் ஃபைபரே கூடுதல்.

பல நாள் சுமந்து ஏறி, மழையிலும் பனியிலும் தங்குபவருக்குக் கார்பன் ஃபைபரையே பரிந்துரைப்பேன். வறண்ட பருவத்தில் குறுகிய தூரம் நடந்து, அருகிலிருந்தே சுடுபவருக்கு நன்கு உலர்த்திய வால்நட் தாராளமாகப் போதும்.