மணி பிளான்ட்டும் அந்தப் பாழாய்ப்போன நார்க் கம்பும்

உன் வீட்டு மணி பிளான்ட் இலை மட்டும் எப்படி இவ்வளவு பெரிசு என்று நண்பன் போட்டோவைப் பார்த்துக் கேட்டான். பதில், கொடி ஏறுவதற்காகத் தொட்டியில் நட்ட, தென்னை நார் சுற்றிய கம்பு. அதன் மேல் எனக்கு இருக்கிற கோபம்தான் ஒரு வரியில் அடங்காது.

செடியைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் ஊற்ற மறந்தால் இலை துவளும், ஊற்றியதும் மறுநாளே நிமிர்ந்துவிடும். கணுவோடு ஒரு துண்டு நறுக்கிப் பாட்டில் தண்ணீரில் போட்டாலே வேர் விடும். (பூனையோ கைக்குழந்தையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு, கடித்தால் வாய் எரியும்.)

முதல் 2 வருடம் அலமாரி மேலிருந்து தொங்கவிட்டிருந்தேன். கொடி நீள நீள இலை சிறுத்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன், கொடி இன்னும் நீண்டதுதான் மிச்சம். காட்டில் இது மரம் ஏறுகிற கொடி, பிடிப்பு கிடைத்து மேலே போனால்தான் இலையைப் பெரிதாக்கும், பெரிய மரத்தில் ஏறியதில் ஒரே இலை 2 அடி, 3 அடி கூடப் போகும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. கம்பு வைத்த எட்டாவது மாதம் வந்த இலை என் விரித்த கையைவிடப் பெரிது. வீட்டுக்கு வந்த ஒருவரையும் அதைக் காட்டாமல் அனுப்பவில்லை.

ஆனால் கம்பு! கணுவில் வரும் வேர் பிடிக்க அது ஈரமாக இருக்க வேண்டும், நாரில் ஈரம் நிற்கவே நிற்காது. காலையில் தெளித்தால் மதியம் காய்ந்துவிடும். சரி என்று உச்சியிலிருந்து ஊற்றினால் தண்ணீர் நேராகத் தொட்டிக்கு இறங்கி, மண் சொதசொதத்து, அடி இலை மஞ்சளாகிறது. தெளிப்பதை விட்டால் வேர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் பெயின்ட்டோடு வரும். போன மாதம் ஒரு ராத்திரி, மண்ணுக்குள் இருந்த கம்பின் அடி மக்கிப்போய் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தும்போது நுனி முறிந்தது, அந்தப் பெரிய இலையோடு.

அதனால் நண்பனிடம் சொல்லிவிட்டேன்: தொங்கவே விடு, சின்ன இலையும் பச்சைதான், நிம்மதியாக இருப்பாய்.

முறிந்த நுனி இப்போது பாட்டிலில் வேர் விட்டிருக்கிறது. அதற்காகக் கம்பி வலையைச் சுருட்டி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசி அடைத்து, 4 அடியில் ஒரு கம்பு செய்து வைத்திருக்கிறேன்.