ஃப்ளாட்டுக்குள் 20 மீட்டர் வயர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள ஆன்டெனா என்றால் சுமார் 20 மீட்டர் வயர் வேண்டும். சென்னையில் எங்கள் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அவ்வளவு நீளச் சுவர் ஏது? மொட்டை மாடியில் கட்ட அனுமதி கிடைக்காததால் எண்ட் ஃபெட் வயரை (ஒரு முனையிலிருந்து சிக்னல் கொடுக்கும் ஆன்டெனா) வீட்டுக்குள்ளேயே மடக்கிப் போட்டேன். சில வருடங்களாக அதில்தான் பேசுகிறேன்.

வயரின் நுனிகளை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், நடுப்பகுதியை மட்டும் வளைக்காதீர்கள். மின்னோட்டம் அங்கேதான் அதிகம், சிக்னலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் நடுவிலுள்ள ஆறேழு மீட்டரை ஹாலும் பெட்ரூமும் சேர்ந்த வெளிச்சுவரில், ஜன்னல்களுக்கு மேலே நேராக ஓட்டினேன். ஒரு முனை ஹால் மூலையில் 49:1 டிரான்ஸ்ஃபார்மருக்கு (வயரின் உயர்ந்த மின்மறுப்பைக் கேபிளுக்கு ஏற்றபடி குறைப்பது) இறங்குகிறது, மறுமுனை பெட்ரூம் பரணுக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. சுவரும் வளைவும் ஒத்திசைவை, அதாவது ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்ணை, நகர்த்திவிடும் என்பதால் முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து நீளத்தைக் குறைத்தேன்.

நுனியில் மின்னழுத்தம் அதிகம். 100 வாட் கொடுத்தால் சில நூறு வோல்ட் நிற்கும். வீட்டில் ஆட்கள் நடமாடுகிறார்கள், அதனால் நான் 5 வாட்டைத் தாண்டுவதே இல்லை. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் நுனி வரவே கூடாது.

உண்மையான தலைவலி இரைச்சல்தான். வயர் வீட்டு ஒயரிங்குக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதே! ரேடியோவை பேட்டரியில் போட்டு, மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள், எவ்வளவு அமைதி என்று தெரியும். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டால் குற்றவாளி சிக்கிவிடும். எங்கள் வீட்டில் மலிவான எல்இடி பல்பும் இரண்டு மொபைல் சார்ஜர்களும். அவற்றை மாற்றி, ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் சில சுற்று சுற்றிய பிறகுதான் மெல்லிய குரல்கள் காதில் விழுந்தன.

பகலில் பெங்களூரு, மதுரை, கேரளப் பக்கம் குரலிலேயே கிடைக்கிறது. இருட்டிய பிறகு குரலில் திணறல்தான், கம்பி வைத்த கான்கிரீட் நிறைய விழுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எஃப்டி8 (மெல்லிய சிக்னலிலும் கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை) கைகொடுக்கிறது: 7.074 மெகாஹெர்ட்ஸில் இந்தோனேசியாவும் ஜப்பானும் பதில் தருகிறார்கள். இதே வயர் 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் ஒத்திசைகிறது. பகல் வேளைகளில் இப்போது பெரும்பாலும் 14இல்தான் இருக்கிறேன், அங்கே இரைச்சலும் குறைவு.