விழா மலருக்கு ஸ்டைல் ஒழுங்கு: வேர்டா, லிப்ரே ஆபிஸ் ரைட்டரா?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா என்றால் சிங்கப்பூரில் பல அமைப்புகளுக்கு மலர் வேலையும் சேர்ந்தே வரும். ஆளுக்கொரு விதமாக அனுப்பும் கட்டுரைகளை ஒரே கோப்பில் கோக்க எது வசதி? ஸ்டைல் என்பது எழுத்துரு, அளவு, இடைவெளி போன்றவற்றை ஒரு பெயரில் சேர்த்துவைக்கும் அமைப்பு.

செலவு: ரைட்டர் இலவசம். வேர்டுக்குச் சந்தா அல்லது ஒருமுறை விலை.

பெயர் மாற்றம்: நாமே உருவாக்கிய ஸ்டைலின் பெயரை இரண்டிலும் மாற்றலாம். சிக்கல் உள்ளமைந்த ஸ்டைல்களில்தான். வேர்டில் ‘ஹெடிங் 1’-க்கு ‘கட்டுரைத் தலைப்பு’ என்று பெயர் கொடுத்தால் பழைய பெயர் போகாது. காற்புள்ளிக்குப் பின் புதுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ரைட்டரில் உள்ளமைந்த ஸ்டைலின் பெயரைத் தொடவே முடியாது. அந்த ஸ்டைலின் அடிப்படையில் புது ஸ்டைல் உருவாக்க வேண்டும். எனக்கு இதுவே மேல், பட்டியல் குழம்பாது.

களையெடுப்பு: வேர்டின் ஆர்கனைசர் என்ற ஸ்டைல் மேலாண்மைப் பெட்டியில் வேண்டாத ஸ்டைல்களை மொத்தமாகத் தேர்ந்து நீக்கலாம், இன்னொரு கோப்புக்கு நகலெடுக்கவும் செய்யலாம். ரைட்டரில் எஃப்11 அழுத்தி, பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம்.

பக்கம்: ரைட்டரில் பக்கத்துக்கே ஸ்டைல் உண்டு. வேர்டில் செக்‌ஷன் பிரேக் (ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி).

எதுவானாலும், ஸ்டைலுக்குள் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் (தமிழ் போன்ற எழுத்துகளுக்கான) எழுத்துருவைத் தனியாக அமையுங்கள். லத்தீன் எழுத்துருவை மட்டும் மாற்றினால் தமிழ் அப்படியே நிற்கும்.

கட்டுரையாளர்களும் அச்சகமும் வேர்டில் இருந்தால் வேர்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே தொகுத்து பிடிஎஃப் கொடுப்பதென்றால் ரைட்டர் தாராளமாகப் போதும்.