குழந்தைப் பெயர்ப் பட்டியலைக் காட்டி பிளாக்செயின் பெயர் விற்பவர்களிடம் எச்சரிக்கை

2022 செப்டம்பரில் மூன்று டாட் ஈத் பெயர்களை 1 ஈதர் (ஒரு கிரிப்டோ நாணயம்) கொடுத்து வாங்கினேன். அன்றைய விலையில் அது ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அந்தப் பணம் போனது போனதுதான். ஆனால் எனக்கு விற்ற அதே ஆள், அதே பேச்சைப் பேசி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று நண்பர் ஒருவர் போன வாரம் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்கப்படும் பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்காக: ஒருவருக்கு ஈதர் அனுப்ப 42 எழுத்துகள் கொண்ட முகவரி தேவை. அதை நினைவில் வைக்க முடியாது என்பதால், அதற்குப் பதிலாக ‘இன்னார் டாட் ஈத்’ என்று ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டில், 2017இல் தொடங்கிய ஏற்பாடு இது. பலர் நினைப்பதுபோல டாட் காம் வகைப் பெயர் அல்ல. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் பட்டியலில் டாட் ஈத் கிடையாது. குரோமில் அடித்தால் திறக்காது. ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் நம்முடையது என்பதும் பொய். ஆண்டு வாடகை உண்டு. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் உள்ள பெயருக்கு 5 டாலர், நான்கு எழுத்துக்கு 160, மூன்று எழுத்துக்கு 640. வாடகை என்ற சொல்லையே விற்றவர் என்னிடம் உச்சரிக்கவில்லை.

ஒரு டெலிகிராம் குழுவில் அறிமுகமானவர் அவர். நன்றாகத் தமிழ் பேசுவார், பொறுமையாக விளக்குவார். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. 1880 முதலான கணக்கு அதில் இருக்கிறது. ஓர் ஆண்டில் குறைந்தது ஐந்து குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர் என்றால் பட்டியலில் இடம்பெறும். அரசாங்கத் தரவு, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைத்தான் அவர் எக்செல் கோப்பாக அனுப்பினார். முதல் கட்டத்தில் பெயர், அடுத்ததில் தரவரிசை, மூன்றாவதில் எண்ணிக்கை. நான்காவது கட்டம் அவர் சேர்த்தது: ‘மதிப்பு’, ஈதர் கணக்கில்.

“அண்ணா, 2021இல் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் லியாம் பிறந்திருக்கிறான். ஆனால் லியாம் டாட் ஈத் உலகத்தில் ஒன்றுதான். கையில் வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை” என்றார். லியாம் விற்பனைக்கு இல்லை, ஆனால் அதே மாதிரிப் பெயர்கள் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மூன்று கட்டங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் அரசுப் பட்டியலோடு அப்படியே பொருந்தின. அந்த நம்பிக்கையில் நான்காவது கட்டத்தையும் நம்பிவிட்டேன்.

நீங்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பட்டியல் பிறப்புகளை எண்ணுகிறது, வாங்குபவர்களை அல்ல. 2021இல் பிறந்த லியாமுக்கு அப்போது ஒரு வயது. சரி, வயதானவர்களின் பெயரைப் பார்க்கலாமா? 1947இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பெண் குழந்தைகளுக்கு லிண்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஈதர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. மேலும், இருபதாயிரம் பேருக்குப் பொதுவான ஒரு பெயரை ஒருவர் பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரையோ ஓர் எண்ணையோ சேர்த்தால் 5 டாலரில் முடிந்துவிடும். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள்.

பெரிய விற்பனைகள் நடந்ததும் உண்மை. 2021 அக்டோபரில் பாரடைம் டாட் ஈத் 420 ஈதருக்குப் போனது. 2022 ஜூலையில் மூன்று சுழியம் கொண்ட பெயர் 300 ஈதருக்குப் போனது. இரண்டையும் அவர் காட்டினார். ஒன்று முதலீட்டு நிறுவனம் ஒன்றின் பெயர், மற்றொன்று வெறும் இலக்கம். இரண்டுமே ஆட்பெயர் அல்ல என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பழைய அனுபவமும் இருக்கிறது: இதேபோலப் பெயர் பதியும் பிளாக்செயினாக 2011இல் தொடங்கிய நேம்காயினில் பதிவாகியிருந்த சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பெயர்களில், உருப்படியான உள்ளடக்கத்தோடு பயன்பாட்டில் இருந்தவை 28 மட்டுமே என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள். மற்றவை பெரும்பாலும் என்னைப் போல விலை ஏறும் என்று பிடித்துவைத்தவர்களிடம் இருந்தவை.

2023 மார்ச்சில் பதிவுக்காலம் முடியப்போகிறது என்று தெரிந்தது. புதுப்பிக்கப் போனேன். நான் அதிக விலை கொடுத்தது நான்கு எழுத்துப் பெயருக்கு. அதற்கு 160 டாலர் கேட்க வேண்டும். திரையில் 5 டாலர் என்று வந்தது. தள்ளுபடி ஏதோ என்று ஒரு நிமிடம் மகிழ்ந்துவிட்டேன். பிறகு மனம் உறுத்தியது. பெயரை நகல் எடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டி, முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து அம்புக்குறிப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது அழுத்தலுக்குக் கர்சர் அசையவில்லை. நான்காவதுக்குத்தான் நகர்ந்தது. கடைசி எழுத்தைத் தாண்ட ஐந்து முறை அழுத்த வேண்டியிருந்தது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஒரு குறி நுழைக்கப்பட்டிருந்தது. கணினிக்கு அது ஐந்து எழுத்து, வேறொரு பெயர். உண்மையான பெயர் எப்போதோ இன்னொருவரிடம் போயிருந்தது. பெயர்களுக்கான விதிகள் இறுக்கப்பட்டபின் இப்போது பல வாலட்டுகள் (ஈதரை வைத்திருக்கவும் அனுப்பவும் உதவும் செயலிகள்) அத்தகைய பெயரை ஏற்பதே இல்லை.

மற்ற இரண்டும் அசல்தான், பட்டியலின் தரவரிசையில் எழுநூறாவது இடத்துக்கும் பின்னால் இருந்தவை. முன்பு நல்ல விலைக்குக் கைமாறியதாக அவற்றின் வரலாறு காட்டியது. தோண்டிப் பார்த்தேன். வாங்கிய, விற்ற மூன்று வாலட்டுகளுக்கும் முதல் ஈதர் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தது. அதாவது, ஒரே ஆள் தனக்குத்தானே விற்று விலை காட்டியிருக்கலாம். இந்த விவரம் எல்லோரும் பார்க்கும்படி பிளாக்செயினிலேயே கிடக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்; தயவுசெய்து நீங்கள் செலவிடுங்கள். பெயர்களை இங்கே எழுதாததற்குக் காரணம், அசலை வைத்திருக்கும் எவருக்கும் என்னால் தொல்லை வரக்கூடாது என்பது.

விற்கப் போட்டபோது ‘வெளிநாட்டு வாங்குநர்’ ஒருவர் வந்தார். 2 ஈதர் தருவாராம், அதற்கு முன் அவர் சொல்லும் இடத்தில் 90 டாலர் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். கட்டவில்லை. உங்களிடமும் இப்படி யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வரிச் சட்டத்திலும் ஆறுதல் இல்லை. இத்தகைய மெய்நிகர் சொத்தில் லாபம் வந்தால் 30 சதவீதம் வரி. நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் நான் புகார் கொடுத்தது ஆறு மாதம் கழித்து. வங்கிக் கணக்குக்குப் போன பணமாக இருந்து, உடனே சொல்லியிருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. நான் கொடுத்ததோ ஈதர், அதுவும் தாமதம்.

அமெரிக்கப் பட்டியல் வழக்கமாக மே மாதம் புதுப்பிக்கப்படும். நண்பர் அனுப்பிய படத்தில், அந்தக் குழுவின் உச்சியில் புதிய ஆண்டின் எக்செல் கோப்பு பொருத்தப்பட்டிருக்கிறது. பெயர், தரவரிசை, எண்ணிக்கை, மதிப்பு. நான்கு கட்டங்கள், அதே வரிசையில்.