பூட்டிய வட்டைத் திறக்க: விண்டோஸ் பென்டிரைவா, லைவ் லினக்ஸா, வேறு கணினியா?

வட்டில் உள்ளதை மறையெழுத்தாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்ட கணினி துவங்க மறுத்தால், எந்த வழியில் உள்ளே போனாலும் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அன்றாடம் நமக்காகப் பூட்டைத் திறந்துவிடுவது மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சில்லு. வேறு வட்டிலிருந்து துவக்கினால் அது வாய் திறக்காது; அதன் வேலையே அதுதான். ஆகவே முதலில் சாவியைத் தேடுங்கள், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அச்சிட்ட தாள் மங்கி 3ஆ 8ஆ என்று தெரியவில்லையா? சாவியில் ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள் உண்டு, ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்துப் பார்த்தால் எந்த இலக்கம் சரி என்று தெரிந்துவிடும்.

வட்டு நலமாக இருந்து துவக்கக் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ்தான் நேர்வழி. பழுதுநீக்கப் பகுதியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து மேனேஜ்-பிடிஇ கட்டளைக்குச் சாவியைக் கொடுத்தால் வட்டு திறக்கும். துவக்கத்தையும் அங்கேயே சீர்செய்யலாம். அங்கே சி என்ற எழுத்து வேறு பகுதிக்குப் போயிருக்கக்கூடும். மேனேஜ்-பிடிஇயிடமே வட்டுப் பகுதிகளின் நிலையைக் கேட்டு உறுதிசெய்த பிறகே எதையும் தட்டுங்கள்.

வட்டின் உடல்நிலையிலேயே சந்தேகம் என்றால் என் ஓட்டு லினக்ஸுக்கு. கோப்பு திறக்க யுகமாகிறது, படிக்கும்போது பிழை வருகிறது என்ற நிலையில் விண்டோஸின் வட்டுப் பிழை திருத்தியான செக்டிஸ்க்கை ஓட்டுவது நோயாளியை ஓடவிட்டு நாடி பார்ப்பது போல. நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுப்பு நிரல் கொண்டு முழு வட்டையும் வேறொரு வட்டுக்கு அப்படியே நகலெடுக்கலாம். பிட்லாக்கர் குழப்பிவைத்த எழுத்துகளைக் குழம்பியபடியே எடுப்பதால் இதற்குச் சாவிகூடத் தேவையில்லை. பிறகு நகலின் மேல், பூட்டிய வட்டைத் திறக்கும் லினக்ஸ் நிரலான கிரிப்ட்செட்டப்பை ஓட்டலாம். 2020இல் வந்த 2.3 பதிப்பு முதல் அது பிட்லாக்கரைப் படிக்கிறது. திறந்ததும் 'படிக்க மட்டும்' என்ற முறையில் இணையுங்கள். அரைத்தூக்கத்தில் அணைந்த விண்டோஸ் பகுதியில் எழுதப் போனால் கோப்பமைப்பு சிதையலாம்.

லினக்ஸின் குறை, விண்டோஸின் துவக்கத்தைச் சரிசெய்ய அது ஏற்றதல்ல என்பது. தவிர, பென்டிரைவ் துவங்கவில்லை என்று, நம்பகமான துவக்க நிரலை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்தால், அடுத்து விண்டோஸ் துவங்கும்போது மீட்புச் சாவியைக் கேட்கும். பதறாமல் பழைய அமைப்புக்குத் திரும்புங்கள். டிபிஎம்மை அழிக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள்.

வட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகுவது மூன்றாவது வழி. மதர்போர்டே செத்துவிட்டால் இதை விட்டால் வேறு கதி இல்லை. மற்ற நேரங்களில் எனக்கு இதில் ஈடுபாடு இல்லை: செருகியவுடன் விண்டோஸ் சாவி கேட்கும், திறந்தவுடன் "பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா" என்று கையை நீட்டும். சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிகளில் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை.

சரியான சாவி கொடுத்தும் திறக்காவிட்டால் வட்டைத் திறக்கத் தேவையான விவரங்களைக் கொண்ட பிட்லாக்கரின் தலைப்புத் தகவல் சேதமாகியிருக்கலாம். அதற்கு விண்டோஸில் ரிப்பேர்-பிடிஇ என்ற கட்டளை இருக்கிறது. மீட்டதை அது வேறொரு வட்டில் எழுதும். அந்த வட்டில் ஏற்கெனவே இருந்தது முழுவதும் அழிந்துபோகும். காலி வட்டையே கொடுங்கள்.