64க்கு 57: அயர்லாந்தின் இரு பெருங்கட்சிகள்

1922 ஜனவரி 7 அன்று, முழுக் குடியரசாக இல்லாமல் மன்னரின் கீழ் தன்னாட்சி தரும், பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை அயர்லாந்து நாடாளுமன்றம் 64க்கு 57 என்ற வாக்குகளில் ஏற்றது. அந்த 64 பேரின் வழியில் வந்தது ஃபினே கேல். 57 பேரின் வழியில் வந்தது ஃபியன்னா ஃபால். ஏழு வாக்கு வித்தியாசம் ஆறே மாதத்தில் உள்நாட்டுப் போராக வெடித்தது. உடன்படிக்கையை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட ரோரி ஓ'கானரைச் சுட்டுக்கொல்லும் ஆணைக்கு ஒப்புதல் தந்த அமைச்சர்களில் கெவின் ஓ'ஹிகின்ஸும் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் அதே ஓ'கானர். இதை மனதில் வைக்காமல் வெறும் கொள்கை அறிக்கைகளை ஒப்பிட்டால் இந்தக் கட்சிகள் பிடிபடாது. பொருளாதாரத்தில் இரண்டுமே நடு-வலது பக்கம் நிற்பவை.

கட்சி கட்டுவதில் ஃபியன்னா ஃபால் எட்டாத உயரத்தில் இருந்தது. 1926இல் டப்ளினில் ஏமன் டி வலேரா தொடங்கிய கட்சி, ஊருக்கு ஊர் கிளை வைத்தது. சிறு விவசாயியையும் நகரத் தொழிலாளியையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தது. 1932 முதல் 2007 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் அதுவே மிகப் பெரிய கட்சி. ஃபினே கேல் அப்படி வேர்விடவில்லை. 1933இல் மூன்று அமைப்புகள் சேர்ந்து உருவானபோது, அவற்றில் ஒன்று பாசிசச் சாயல் கொண்ட சீருடை அமைப்பான நீலச்சட்டைப் படை. அதன் தலைவர் ஓயின் ஓ'டஃபியையே கட்சியின் முதல் தலைவராக்கினார்கள். மறு ஆண்டே அவர் விலகினாலும் அந்தக் கறை லேசில் போகவில்லை.

ஆனால் 1932ஐப் பற்றிப் பேசும்போது நான் தயங்காமல் மறுதரப்பின் பக்கம் நிற்கிறேன். ஃபினே கேலின் முன்னோடிக் கட்சியின் தலைவராகப் பத்தாண்டு ஆண்ட டபிள்யூ. டி. காஸ்கிரேவ், டி வலேராவின் கட்சியிடம் தேர்தலில் தோற்றார். படையும் காவல்துறையும் அவர் கையில் இருந்தன. எதிரில் நின்றவர்களோ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை அவருடைய அரசோடு போரிட்டவர்கள்; நாடாளுமன்றத்துக்குச் சிலர் கைத்துப்பாக்கியோடு வந்ததாகச் சொல்லப்படுகிறது. காஸ்கிரேவ் சாவியைக் கொடுத்துவிட்டு எதிர்க்கட்சி வரிசையில் போய் அமர்ந்தார். அயர்லாந்து ஜனநாயகம் அன்றுதான் உறுதிப்பட்டது என்று நம்புகிறேன்.

தலைமையைப் பார்க்கும் பார்வையிலும் இரண்டும் வேறு. ஃபியன்னா ஃபாலில் தலைவர் என்றால் பிரதமர். டி வலேரா முதல் மீஹால் மார்ட்டின் வரை எட்டுத் தலைவர்களும் ஆட்சி நாற்காலியில் அமர்ந்தவர்கள். ஃபினே கேலில் அது கிடைக்காமலே போனவர்கள் பலர். 1948இல் கூட்டணி அமைந்தபோது, கட்சித் தலைவர் ரிச்சர்ட் முல்காஹியின் உள்நாட்டுப் போர்க்கால மரணதண்டனைகளைக் கூட்டாளிகளால் மறக்க முடியவில்லை. அவர் ஒதுங்கி ஜான் காஸ்டெல்லோவுக்கு வழிவிட்டார். அந்த ஆட்சியில்தான் 1949இல் அயர்லாந்து முறைப்படி குடியரசானது. காலமெல்லாம் குடியரசு பேசியவர் டி வலேரா. அதைச் சட்டமாக்கியது எதிரணி.

தலைவரையே கட்சியாக எண்ணும் பழக்கத்துக்கு ஃபியன்னா ஃபால் கொடுத்த விலை சார்ல்ஸ் ஹாஹி. வசதிக்கு மீறி வாழ்கிறோம் என்று 1980இல் தொலைக்காட்சியில் மக்களைக் கண்டித்த அவர், தொழிலதிபர் ஒருவரிடமிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் பெற்றிருந்தது 1997இல் விசாரணை ஆணையத்தில் வெளிப்பட்டது. உட்கட்சிக் கலகங்கள் எழுந்தும் 1992 வரை அவரை அசைக்க முடியவில்லை. அதே கட்சியின் ஷான் லெமாஸை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவருடைய அண்ணன் நோயல் 1923இல் காஸ்கிரேவ் ஆட்சியின்போது கடத்திக் கொல்லப்பட்டார். 1965இல் காஸ்கிரேவ் மறைந்தபோது பிரதமராக இருந்த லெமாஸ், நாடாளுமன்றத்தில் மனமாரப் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார்.

2008 நிதிச் சரிவு பழைய கணக்கைப் புரட்டியது. 2011இல் ஃபியன்னா ஃபால் 20 இடங்களுக்குச் சுருங்க, ஃபினே கேல் 76 பெற்று என்டா கென்னி பிரதமரானார். 2020இல் தனித்து ஆள முடியாத இரு கட்சிகளும் முதன்முறையாக ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. 2022 டிசம்பரில் பிரதமர் நாற்காலியிலிருந்து மார்ட்டின் எழுந்து ஃபினே கேலின் லியோ வரத்கருக்கு இடம் தந்தார். 2024 தேர்தலில் ஃபியன்னா ஃபால் 48, ஃபினே கேல் 38. மீண்டும் மார்ட்டின் பிரதமர், 2027இல் ஃபினே கேல் முறை என்று ஒப்பந்தம். எதிரில் 39 இடங்களோடு அமர்ந்திருக்கும் கட்சி ஷின் ஃபெயின். 1922இல் வாக்களித்த இரு தரப்பாரும் அன்று சுமந்திருந்த பெயர் அதுதான்.